மாணவர் பட்ஜெட்டில் சுற்றுலா: பேக்கேஜா, சொந்தப் பயணமா? கணக்குப் போட்டு முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

செமஸ்டர் தேர்வு அட்டவணை வந்த கையோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டரும் வந்து விழும். பனிமலை, தாஜ்மஹால், கேம்ப் ஃபயர், கீழே கொட்டை எழுத்தில் ஒரு தொகை, அதன் ஓரத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி. பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். மீதிப் பேர் "இந்தக் காசுக்கு நாமே போயிட்டு வந்துடலாம்" என்பார்கள். மூன்று வாரம் விவாதம் ஓடும். கடைசியில் எல்லோரும் மகாபலிபுரம் போய்விட்டு வருவார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், முழுப் பயணத்துக்கும் ஒரே பதிலைத் தேடுகிறார்கள். பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். சில துண்டுகளை நீங்களே சுலபமாகச் சமாளிக்கலாம். சில துண்டுகளுக்கு வண்டியும் ஆளும் தெரிந்த ஒருவர் தேவை. அந்தத் துண்டுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். இதை விளக்க, தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து நிறையப் பேர் போகும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்கிறேன்: இமாச்சலத்தின் மணாலி, கர்நாடகத்தின் ஹம்பி. இரண்டுக்கும் குணம் வேறு வேறு.

படி 1: இது ஐவியா (இண்டஸ்ட்ரியல் விசிட், அதாவது கல்லூரி ஏற்பாட்டில் போகும் கல்விப் பயணம்), ஊர் சுற்றலா?

இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கல்லூரி அனுமதியோடு, ஓடி (ஆன் டியூட்டி என்ற வருகைப்பதிவு) கிடைத்து, ஆசிரியர்கள் கூட வந்து, பெற்றோர் கையெழுத்துப் போட்டுப் போகும் ஐவி என்றால் முடிவு பாதி எடுக்கப்பட்டுவிட்டது. நாற்பது ஐம்பது பேரை ஆளுக்கொரு திசையில் போக எந்தத் துறைத் தலைவரும் விடமாட்டார். அங்கே உங்கள் வேலை நல்ல ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். நேரே படி 7-க்குப் போய்விடலாம்.

ஐவி ரயிலில் என்றால் ஒரு சலுகையை மறக்காதீர்கள். 2020-ல் ரயில்வே பல கட்டணச் சலுகைகளை நிறுத்தியபோதும் மாணவர் சலுகை தப்பியது. சொந்த ஊருக்குப் போகவும் கல்விச் சுற்றுலாவுக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் பொதுப்பிரிவு மாணவர்களுக்கு 50 சதவீதமும், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 75 சதவீதமும் தள்ளுபடி உண்டு. வயது வரம்பு உண்டு. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட படிவத்தோடு முன்பதிவு கவுன்ட்டருக்கே போக வேண்டும், ஆன்லைனில் கிடைக்காது. பெரிய கூட்டம் என்றால் மொத்தமாகப் பதிவு செய்ய ரயில்வேயிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதற்கும் நாள் பிடிக்கும். ஏஜென்ட் ரயில் கட்டணத்தை முழுதாகப் போட்டிருந்தால், இந்தச் சலுகையை ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நண்பர்கள் மட்டும் போகும் ஜாலிப் பயணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. இனி வரும் படிகள் பெரும்பாலும் அவர்களுக்கானவை.

படி 2: குழுவில் யாரிடம் காசு குறைவோ, அவருடைய தொகைதான் பட்ஜெட்

"எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று பொதுக் குழுவில் சொல்வது சுலபம். கையில் நாலாயிரம் மட்டும் இருப்பவர் அங்கே வாய் திறக்கமாட்டார். பயணத்துக்கு முந்தைய வாரம் "வீட்டில் விடமாட்டேன்கிறாங்க" என்று விலகிக்கொள்வார். அவர் பங்கும் மற்றவர்கள் தலையில் ஏறும். அதனால் எல்லோரும் தங்கள் உச்சத் தொகையை ஒருவருக்கு மட்டும் தனியாக அனுப்பட்டும். அதில் ஆகக் குறைந்த தொகைக்குள் திட்டம் போடுங்கள். அதிலும் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள், அவசரத்துக்கு. அந்தப் பணம் இருப்பதையே மறந்துவிட வேண்டும்.

படி 3: போஸ்டரைக் கிழமையோடு சேர்த்துப் படியுங்கள்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இதுதான். "9 நாள், 8 இரவு, டெல்லி – மணாலி – ஆக்ரா" என்று ஒரு பேக்கேஜ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளை எடுத்து இரவுகளை எண்ணுங்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவில் கிளம்பி மூன்றாம் நாள் காலையில் டெல்லி போய்ச் சேரும். இரண்டு இரவு ரயிலில் போயிற்று. மூன்றாம் நாள் இரவு டெல்லியிலிருந்து மணாலிக்கு வால்வோ பஸ். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், இரவு முழுக்க ஓடும். நான்காம் நாள் காலை மணாலி. நான்கு, ஐந்தாம் நாள் இரவுகள் ஓட்டலில். ஆறாம் நாள் மாலை மறுபடி பஸ். ஏழாம் நாள் காலை டெல்லி, அங்கிருந்து ஆக்ரா, அன்று இரவே ரயில். எட்டாம் இரவும் ரயிலில்தான். ஒன்பதாம் நாள் காலை சென்னை.

எட்டு இரவில் கட்டிலில் படுப்பது இரண்டே இரவு. அதுவும் பெரும்பாலும் ஓர் அறைக்கு நாலு பேர். ஸ்லீப்பர் டிக்கெட் ஒரு வழிக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். அப்படியென்றால் போஸ்டரில் உள்ள தொகையில் போக வர ரயில், பஸ் கட்டணத்தைக் கழித்துவிட்டு, மீதியை அந்த இரண்டு இரவும் இரண்டு மூன்று நாள் வண்டியும் விழுங்குகின்றன. கழித்து வரும் தொகையைப் பார்த்தாலே பேக்கேஜ் நியாயமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அடுத்து கிழமை. தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மணாலிக்கு மேலே உள்ள ரோத்தாங் கணவாய்க்குப் பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை. இதை மேலே உள்ள திட்டத்தில் பொருத்திப் பாருங்கள். சனிக்கிழமை இரவு கிளம்பினால் ஏழாம் நாள் வெள்ளி: ஆக்ராவில் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வரலாம். வெள்ளி இரவு கிளம்பினால் ஐந்தாம் நாள் செவ்வாய்: மணாலியில் உங்களுக்கு முழுசாகக் கிடைக்கும் நாளில் ரோத்தாங் இல்லை. மாணவர்கள் கிளம்புவது பெரும்பாலும் இந்த இரண்டு கிழமைகளில்தான்! தென்னிந்தியாவிலும் இதே கதைதான். மைசூரு விலங்குக் காட்சிச்சாலை செவ்வாய் மூடல், ஹம்பி அருகே கமலாபுர அருங்காட்சியகம் வெள்ளி மூடல். கிழமை பார்க்காமல் போட்ட திட்டத்தை நீட்டும் ஏஜென்ட், மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருப்பார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாவது, அந்த நட்சத்திரக் குறி. அதன் கீழே பொதுவாக ஒளிந்திருப்பவை இவை:

- ரோத்தாங் செலவு. பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி ஒரு நாளைக்கு 1,200 வண்டிகளுக்குத்தான் அனுமதி: 800 பெட்ரோல், 400 டீசல். அனுமதிச்சீட்டை ஆன்லைனில் எடுக்க வேண்டும். உங்களைக் கூட்டிப்போகும் பெரிய வண்டி அங்கே போகாது, உள்ளூர் டாக்ஸி தனிக் காசு. போஸ்டரின் பெரிய படம் ரோத்தாங் பனியாக இருக்கும், செலவு "உங்கள் பொறுப்பு" என்று இருக்கும்.
- பனிக்கான கோட், பூட்ஸ் வாடகை. பாராகிளைடிங், ஜிப்லைன் எல்லாமே தனி.
- ரயிலில் போக வர சாப்பாடு. இரண்டு முழு நாள் மூன்று வேளை, சின்னத் தொகை இல்லை.
- மதியச் சாப்பாடு. "காலை, இரவு உணவு உண்டு" என்றால் மதியம் இல்லை என்று பொருள்.
- நுழைவுச்சீட்டுகள். தாஜ்மஹாலுக்கு இந்தியருக்கு 50 ரூபாய், உள்ளே கல்லறை மண்டபத்துக்கு இன்னும் 200.
- 5 சதவீத ஜிஎஸ்டி. விலையில் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள்.
- டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மாநில வரி. "எல்லாம் சேர்த்து" என்று எழுத்தில் வாங்குங்கள்.

பனியைப் பற்றி ஒரு வார்த்தை. மே, ஜூனில் மணாலி ஊருக்குள் பனி இருக்காது. பக்கத்திலுள்ள சோலாங் பள்ளத்தாக்கிலும் பச்சைப் புல்தான். அப்போது பனி வேண்டுமென்றால் 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோத்தாங் போன்ற இடத்துக்கு ஏற வேண்டும். கோடை விடுமுறைக்கு விற்கும் போஸ்டரில் ஜனவரி மாதப் படம் இருந்தால் அதை அலங்காரமாக மட்டும் பாருங்கள்.

படி 4: அதே பயணத்துக்கு உங்கள் கணக்கு

இப்போது அதே நாட்களுக்கு நீங்களே போனால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று வருவது: ரயில், பஸ், சாப்பாடு, நுழைவுச்சீட்டு, ஹாஸ்டல் டார்மிட்டரியில் ஒரு படுக்கை. எத்தனை பேர் போனாலும் இது மாறாது. இரண்டாவது, மொத்தமாகக் கொடுத்துப் பங்கு போடுவது: டாக்ஸி, ஓட்டல் அறை, கைடு. இதுதான் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து ஆடும்.

ஒரு நாள் டாக்ஸி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 2,000. நாலு பேர் என்றால் 1,000. ஐந்து பேர் ஆனால்? இரண்டாவது டாக்ஸி எடுக்க வேண்டும், மொத்தம் 8,000, ஆளுக்கு 1,600. அறையும் அப்படித்தான், ஆட்டோவும் அப்படித்தான். சொந்தப் பயணத்துக்கு ஐந்து பேர் மோசமான எண்ணிக்கை. மூன்று, நாலு நன்று. ஆறு பேர் பரவாயில்லை, ஐஆர்சிடிசியில் ஒரே டிக்கெட்டில் ஆறு பேரைப் போடலாம். எட்டைத் தாண்டினால் இரண்டு டாக்ஸிக்கும் மேல் ஆகிவிடும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் டெம்போ டிராவலர் கணக்குக்கு வரும். அதில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று கட்டணம் போடுவார்கள், நீங்கள் ஐம்பது கிலோமீட்டர் ஓடினாலும் அதுதான். ஒரே ஊரில் சுற்றுவதற்கு அந்த வண்டி நஷ்டம்.

மணாலியில் சொந்தமாகப் போகிறவர் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றால், டாக்ஸியில்தான். ஹடிம்பா கோயிலுக்கு மால் ரோட்டிலிருந்து நடந்தே போகலாம். வஷிஷ்ட் வெந்நீர் ஊற்றுக்குக் காசு கிடையாது, அங்கிருந்து ஜோகினி அருவிக்கு நடைபாதை உண்டு. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர் நீளம். அதைக் கடந்து சிஸ்ஸு போக ரோத்தாங் அனுமதிச்சீட்டு தேவையில்லை, கேலாங் போகும் அரசுப் பேருந்திலேயே இறங்கிக்கொள்ளலாம். மணிகரண் குருத்வாராவில் லங்கர் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம். பேக்கேஜில் "சைட் சீயிங்" என்று நாலு வரி ஓடும் இடங்களில் பாதி இப்படி நடையிலும் பஸ்ஸிலும் முடிகிற இடங்கள்தான்.

ஆக்ராவுக்கும் ஒரு வழி உண்டு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் திரும்பும்போது ஆக்ரா கன்டோன்மென்ட்டில் நிற்கும். காலையில் டெல்லியிலிருந்து ஆக்ரா போய், அன்று இரவு அங்கேயே ஏறிக்கொண்டால் டெல்லிக்குத் திரும்பி ஓட வேண்டியதில்லை. டிக்கெட்டை ஆக்ராவிலிருந்தே எடுக்கலாம், அல்லது ஏறும் நிலையத்தை ஆன்லைனில் மாற்றிவைக்கலாம். மாற்றாமல் டெல்லி டிக்கெட்டோடு ஆக்ராவில் போய் நின்றால் உங்கள் படுக்கையில் வேறொருவர் படுத்திருக்கக்கூடும்.

இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பேக்கேஜ் பக்கம் நட்சத்திரக் குறிச் செலவுகளைக் கூட்டுங்கள். உங்கள் பக்கம் பத்து சதவீதம் கூட்டுங்கள், ஏனென்றால் எதையாவது மறந்திருப்பீர்கள். வித்தியாசம் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் பணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அடுத்த படியை வைத்து எடுங்கள்.

படி 5: அந்த ஊரில் வண்டி இல்லாமல் காலம் தள்ள முடியுமா?

ஹம்பியைப் பாருங்கள். பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹொசப்பேட்டை. அங்கிருந்து 13 கிலோமீட்டர், அரசுப் பேருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊருக்குள் சைக்கிளும் மொபெட்டும் வாடகைக்குக் கிடைக்கும். 40 ரூபாய் சீட்டு ஒன்று எடுத்தால் விட்டல கோயில், தாமரை மஹால் வளாகம், கமலாபுர அருங்காட்சியகம் மூன்றையும் அதே நாளில் பார்க்கலாம். துங்கபத்திரையைப் பரிசலில் கடந்து ஆனேகுந்தி போகலாம். மாதங்க மலையில் ஏறுவதற்குக் காசில்லை. விடியலில் ஏறுவதானால் மட்டும் தனியாகப் போக வேண்டாம்.

இங்கே பேக்கேஜ் பஸ்ஸால் உங்களுக்கு என்ன லாபம்? விட்டல கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே எந்த வண்டியும் நின்றுவிடும். அங்கிருந்து பேட்டரி கார், அல்லது நடை. ஐம்பது பேரோடு போனால் அந்த பேட்டரி காருக்கான வரிசையிலேயே காலை கழிந்துவிடும். சித்திரை வெயிலில் அந்தப் பாறைகளுக்கு நடுவே மதியம் நிற்க முடியாது. சொந்தமாகப் போனவர் பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்பி, நாலு மணிக்கு மறுபடி கிளம்பலாம். பஸ்ஸில் வந்தவருக்கு அது முடியாது. ஹம்பிக்கு பேக்கேஜ் எடுப்பது என் பார்வையில் வீண் செலவு. பழைய வீடியோக்களைப் பார்த்துத் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு செய்தி: விருபாபுர கட்டி தீவில் இருந்த விடுதிகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020-ல் இடிக்கப்பட்டுவிட்டன. இப்போது தங்க இடம் தேடினால் ஆனேகுந்திப் பக்கமோ, கமலாபுரமோ, ஹொசப்பேட்டையோ பாருங்கள்.

மணாலி, சொந்தப் பயணத்துக்கும் பேக்கேஜுக்கும் நடுவில். ஊரும் பக்கத்துக் கிராமங்களும் சொந்தமாக, ரோத்தாங் ஒரு நாள் மட்டும் டாக்ஸியில். இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு, மேகாலயா போன்ற இடங்கள் பேக்கேஜ் பக்கக் கோடியில். பஸ் குறைவு, தூரம் அதிகம், ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு நாள் போயிற்று. அங்கே இரண்டு பேர் சொந்தமாகப் போய் வண்டி எடுத்தால் பட்ஜெட் உடைந்துவிடும். தெரியாதவர்களோடு வண்டியைப் பகிரும் குழுப் பயணமே மாணவருக்குக் கட்டுப்படியாகும்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை: அந்த ஊரில் நீங்கள் பார்க்க நினைக்கும் ஐந்து இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக நடை, பஸ், டாக்ஸி என்று குறியுங்கள். மூன்றோ அதற்கு மேலோ டாக்ஸி என்று வந்தால் குழுப் பயணம். ஒன்றோ இரண்டோ என்றால் சொந்தப் பயணம்.

படி 6: பாதி பேக்கேஜ் என்றும் ஒன்று இருக்கிறது

போஸ்டர் போடுபவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். ஊருக்குச் சொந்தமாகப் போய், அங்கே போன பிறகு ஒரு நாள் டூரை மட்டும் வாங்கலாம்.

கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் இதில் கெட்டிக்காரர்கள். 2021 முதல் பட்ஜெட் டூரிசம் என்று தனிப் பிரிவே வைத்து ஒரு நாள், இரண்டு நாள் பயணங்களை நடத்துகிறார்கள். மூணாறு டிப்போவில் பழைய பேருந்துகளைப் படுக்கை அறையாக மாற்றி மிகக் குறைந்த கட்டணத்துக்குத் தங்கவிடுகிறார்கள். அங்கிருந்தே ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸும் உண்டு. பத்தனம்திட்டாவிலிருந்து குமுளிக்கு கவி என்ற காட்டுப் பகுதி வழியாகப் போகும் சாதாரண சர்வீஸ் பஸ்ஸில் ஏறினால், வெறும் பஸ் டிக்கெட்டிலேயே காட்டைப் பார்த்துவிடலாம். கோவா சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் ஒரு நாள் பேருந்து டூர் நடத்துகிறது. ஆனால் அதில் ஒவ்வொரு கடற்கரைக்கும் அரை மணி நேரம்தான் என்பதால் எனக்குப் பிடிக்காது.

மலையேற்றம் என்றால் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவைப் பாருங்கள். உறுப்பினராகச் சேர்ந்து, கசோல் பக்கம் சார் பாஸ் போன்ற ட்ரெக்குகளுக்குப் பதிவு செய்யலாம். கூடாரம், சாப்பாடு, கைடு எல்லாம் கட்டணத்தில் அடக்கம். தனியார் ட்ரெக் நிறுவனங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சொகுசு இருக்காது, தட்டை நீங்களே கழுவ வேண்டும். முகாம் வரைக்கும் நீங்களே போய்ச் சேர வேண்டும், அதுதான் பாதி பேக்கேஜ். உயரமான மலையில் வழி தெரியாமல் சொந்தமாகப் போய்க் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

பயண அனுபவமே இல்லாத குழுவுக்கும் இந்தப் பாதி முறை நல்லது. இந்தி தெரிந்தவர் ஒருவரும் இல்லை, நள்ளிரவில் டெல்லி பஸ் நிலையத்தில் நின்று பேரம் பேசத் தயக்கம், வீட்டில் பயப்படுகிறார்கள் என்றால் முதல் நீண்ட பயணத்தை இப்படி அமைத்துக்கொள்ளலாம்.

படி 7: பேக்கேஜ் என்று முடிவானால் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவை

அட்வான்ஸை யாருடைய பெயரில் அனுப்பச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் கணக்கு இல்லாமல் தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஜிஎஸ்டி எண் கேளுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் அது செயல்பாட்டில் உள்ளதா என்பதும் காசில்லாமல் தெரிந்துவிடும்.

பிறகு வண்டி. வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியில் காசு வாங்கிக் கூட்டிப்போனால் விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும். கிளம்புவதற்கு முந்தைய நாளே வண்டி எண்ணை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போடுங்கள். தகுதிச் சான்றும் காப்பீடும் எந்தத் தேதி வரை என்று காட்டும். இரவு முழுக்க ஓடும் பயணமா, எத்தனை டிரைவர் என்றும் கேளுங்கள். ஒரே டிரைவர் இரவில் மலைப்பாதையில் ஓட்டி, பகலில் சைட் சீயிங்கும் ஓட்டுவார் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த பேக்கேஜ் வேண்டாம்.

ஓட்டல் பெயரை எழுத்தில் வாங்குங்கள். "அதற்கு இணையான ஓட்டல்" என்ற சொற்றொடரை அடித்துவிடச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் எந்தப் பகுதி என்றாவது எழுதி வாங்குங்கள். "மணாலி ஓட்டல்" என்பது ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்னாலும் இருக்கலாம்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். ரயில் டிக்கெட் எடுக்கும் அளவுக்கு முதலில் கொடுத்து, பிஎன்ஆர் எண் வந்ததும் நீங்களே சரிபார்த்து, அப்புறம் அடுத்தது. கடைசித் தவணை ஓட்டலுக்குள் போன பிறகு. ஒருவர் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதையும் தேதிவாரியாக எழுதி வாங்குங்கள்.

கிளாஸ் ரெப்புகளுக்கு ஒன்று. பதினைந்து இருபது பேருக்கு ஓர் இலவச இருக்கை என்று ஏஜென்ட்டுகள் தருவது வழக்கம். அதைக் குழுவில் வெளிப்படையாகச் சொல்லி, மொத்தத் தொகையில் கழித்துவிடுங்கள். ஒளித்தால் பயணத்தின் இரண்டாம் நாளே வெளிவந்துவிடும்.

சொன்னதைச் செய்யாத ஏஜென்ட் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அங்கே செல்லுபடியாவது எழுத்தில் இருப்பதுதான். போனில் சொன்னதை எல்லாம் "நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பி, அவரிடம் "ஓகே" வாங்கிவையுங்கள்.

படி 8: சொந்தப் பயணம் என்றால் எதை எப்போது பதிவு செய்வது

ரயில்தான் முதலில். 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்புதான் பதிவு திறக்கிறது. மே 10 கிளம்ப வேண்டுமென்றால் மார்ச் 11 காலை 8 மணி. திரும்பும் தேதி மே 16 என்றால் அதற்கான பதிவு மார்ச் 17-ல்தான் திறக்கும். போகும் டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டு, திரும்பி வர வழியில்லாமல் நிற்பவர்கள் நிறைய. இரண்டு தேதிக்கும் இப்போதே அலாரம் வையுங்கள்.

ஆர்ஏசி கிடைத்தால் ரயிலில் ஏறலாம், உட்கார இடம் உண்டு. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. தட்கல் முந்தைய நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் இணைத்திருந்தால்தான் தட்கல் ஆன்லைனில் கிடைக்கும். ஒரு தட்கல் டிக்கெட்டில் நாலு பேர்தான், உறுதியான பிறகு ரத்து செய்தால் பணம் வராது. ஆறு பேர் குழு தட்கலை நம்பித் திட்டம் போடுவது சரிப்படாது. பெண்கள் மட்டும் போவதானால் லேடீஸ் கோட்டாவையும் பாருங்கள். நீண்டதூர ரயில்களின் ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று சில படுக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள், பொதுவில் தீர்ந்த பிறகும் அங்கே கிடைப்பதுண்டு.

ரயில் உறுதியானதும் தங்குமிடம். கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பதிவு செய்யும் முன் ஒரு போன் செய்து "நாங்கள் மாணவர்கள், இத்தனை பேர், ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, எல்லோரிடமும் ஆதார் இருக்கிறது, அறை தருவீர்களா?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பேச்சிலர்ஸ் என்றால் அறை கிடையாது என்று வாசலில் திருப்பி அனுப்பும் லாட்ஜ்கள் எல்லா ஊரிலும் உண்டு. இரவு பத்து மணிக்கு அதைக் கேட்க நேர்ந்தால் கிடைக்கிற அறைக்கு இரட்டிப்பு விலை கொடுப்பீர்கள். ஹாஸ்டல்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் சில ஹாஸ்டல்கள் அதே ஊரில் வசிப்பவர்களை ஏற்பதில்லை, பெரிய குழுவையும் விரும்புவதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பைக்கில் போவதானாலும் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை, செலவும் குறைவு.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: டிக்கெட்டுக்கு ஒருவர், தங்குமிடத்துக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர். பணம் பார்ப்பவர் ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே வசூலித்து, டீ முதல் டாக்ஸி வரை பொதுச் செலவை அதிலிருந்தே கொடுக்கட்டும். தீரத் தீர மறுபடி சமமாக வசூலிக்கலாம். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஊர் திரும்பிய பிறகு பட்டியல் போடும் வேலை அப்போது இருக்காது. தனிப்பட்ட ஷாப்பிங்கையும் பாராகிளைடிங்கையும் இதில் கலக்க வேண்டாம், எல்லோரும் பறக்கப் போவதில்லை. மலைப்பகுதிகளில் சில இடங்களில் நெட்வொர்க் இருக்காது, யுபிஐ வேலை செய்யாது. இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தை இரண்டு பேர் பையில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட், ஓட்டல் விவரம், எல்லோருடைய வீட்டு எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு நகல் கொடுத்துவிடுங்கள், வீட்டிலும் ஒன்று இருக்கட்டும்.